பி.கே. பானர்ஜி: முன்களத்திலிருந்து பயிற்றுநர் இருக்கைக்கு

1956 நவம்பர் 4ஆம் திகதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் இரண்டாவது தடவையாக நுழைந்தன. பதினெட்டு நாட்கள் கழித்து மெல்பேர்ணில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. ஹங்கேரியின் உதைபந்தாட்ட அணி அங்கு வரவில்லை. முதற்சுற்றில் அந்த அணியைச் சந்திக்கவேண்டியிருந்த இந்தியா, பந்தைத் தொடாமலேயே காலிறுதிக்குச் சென்றது. அங்கு அவுஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தியது. நெவில் டி சூஸா மூன்று கோல்களை அடித்தார். ஆசிய அணியொன்று ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தின் அரையிறுதியை எட்டியது அதுவே முதற்தடவை. பின்னர் யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. இன்றுவரை அதன் ஒலிம்பிக் உச்சம் அதுதான்.

ஹங்கேரி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. 1952இல் ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற நாடு அது. அடுத்த ஆண்டு வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று வென்று, உதைபந்தாட்டம் தங்களுடைய சொத்து என்று எண்ணியிருந்தவர்களைத் திகைக்க வைத்த நாடு. அதே ஹெல்சிங்கியில் இந்தியா, பல வீரர்கள் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றிருந்தது. ஆகவே மெல்பேர்ண் சாதனையைப் பாடும்போது புடாபெஸ்ட் தெருக்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நேர்மையாகும். டி சூஸாவின் மூன்று கோல்களுக்கு இதனால் மாற்றுக் குறைந்துவிடப் போவதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஹங்கேரியின் பெரும் முன்கள வீரர் ஃபெரென்ஸ் புஸ்காஸ் தன்னுடைய ஹொன்வெட் கழகத்துடன் வெளிநாட்டில் இருந்தார். அவர் நாடு திரும்பவில்லை. தடைக்காலத்தைக் கழித்துவிட்டு 1958இல் ரியல் மட்ரிட் கழகத்தில் சேர்ந்தார். காலணியைக் கழற்றிய பின்னர் பயிற்றுநராக உலகத்தைச் சுற்றினார். 1971இல் கிரேக்கத்தின் பனதினைக்கோஸ் கழகத்தை ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 1989 முதல் 1992 வரை அவுஸ்திரேலியாவின் சவுத் மெல்பேர்ண் கழகத்தில் இருந்து, அதை அந்நாட்டின் லீக் சம்பியனாக்கினார். அங்கு அவரிடம் பயின்ற அணித்தலைவர் ஆஞ்சே பொஸ்டெகொக்லு 2025இல் டொட்டன்ஹாம் அணிக்கு ஐரோப்பா லீக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். ஆனால் சொந்த நாட்டின் தேசிய அணி புஸ்காஸின் கையில் இருந்தது 1993இல் நான்கே நான்கு போட்டிகளுக்குத்தான். ஒரு நாடு தன் பெரிய ஆட்டக்காரனை அவன் ஆடி முடித்த பிறகு எப்படிப் பயன்படுத்துகிறது என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஹங்கேரிக்கு அரசியல் என்ற காரணமாவது இருந்தது. நமது தெற்காசியாவிலே அந்தக் காரணமும் இல்லை. அதற்கு நல்ல உதாரணம் பிரதீப் குமார் பானர்ஜி, எல்லோரும் அழைப்பதுபோல் பி.கே.

மெல்பேர்ணில் ஆடாமல் போன அந்த ஆட்டம் நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது. 1960 ஓகஸ்ட் 26, ரோம் ஒலிம்பிக். போட்டி ரோமில் அல்ல, நமது புசல்லாவையைப் போல மலைகள் சூழ்ந்த லாக்குயிலா என்ற ஊரில் (2009 பூமியதிர்ச்சியில் இடிந்த அதே ஊர்). இந்திய அணியின் தலைவர் 24 வயதான பி.கே. ஹங்கேரியின் முன்களத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், பெயர் ஃப்ளோரியான் ஆல்பர்ட். கோரோச் ஒன்றும் ஆல்பர்ட் ஒன்றுமாக ஹங்கேரி இரண்டு கோல்களை அடித்தது. 79ஆவது நிமிடத்தில் துளசிதாஸ் பலராம் இந்தியாவுக்காக ஒன்றைத் திருப்பினார். 2-1. தோல்விதான். ஆனால் ஹங்கேரி அந்தத் தொடரில் வெண்கலம் வென்ற அணி என்பதை மறக்கக்கூடாது. மூன்று நாட்களில் பிரான்ஸுடன் 1-1 என்று சமநிலை, கோல் பி.கே. அடித்தது. கடைசியில் பெருவிடம் 1-3 என்று தோல்வி. அதன் பின்னர் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை.

பெருவுக்கு எதிரான அந்த ஒற்றைக் கோலைச் சிலர் பலராம் பெயரிலும் சிலர் தமிழரான சைமன் சுந்தரராஜ் பெயரிலும் எழுதுகிறார்கள். ஒரு நாட்டின் கடைசி ஒலிம்பிக் கோலை அடித்தவர் யார் என்பதே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. பதிவேடு வைத்திருக்கும் அழகு அப்படி.

பலராமும் தமிழர்தான். செக்கந்தராபாத்துக்கு அருகே அம்முகுடா என்ற கிராமத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஹைதராபாத்தின் ஆசிரியரும் பயிற்றுநருமான சையத் அப்துல் ரஹீம் கண்டெடுத்த இரத்தினம். வறுமையான வீடு. முதன்முதலில் காலில் போட்ட உதைபந்துக் காலணிகூட, பழைய பொலிஸ் சப்பாத்தைச் செருப்புத் தைப்பவர் மாற்றிக் கொடுத்ததுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது இந்திய உதைபந்தாட்ட எழுத்தில் ஒரு மரபு. மூவரும் கடைசியாகச் சேர்ந்து உச்சத்தைத் தொட்டது 1962 ஜகார்த்தாவில்.

அந்த ஆசிய விளையாட்டு விழாவுக்கு இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா அழைக்கவில்லை. இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி அதைக் கண்டித்ததால் ஊரே இந்தியர்மீது கோபங்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நிறைந்த மைதானம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. முதல் ஆட்டத்தில் தம்மை 2-0 என்று வென்றிருந்த தென்கொரியாவையே இறுதிப் போட்டியில் இந்தியா சந்தித்தது. பி.கே. ஒன்று, தலையில் காயத்துடன் பின்களத்திலிருந்து முன்களத்துக்கு மாற்றப்பட்ட ஜர்னைல் சிங் ஒன்று. 2-1, தங்கம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் புற்றுநோயால் இறந்தார். அதே 1963இல் நுரையீரல் உறையைத் தாக்கிய நோய் பலராமை இருபத்தேழு வயதளவில் மைதானத்தைவிட்டு வெளியேற்றியது.

பி.கே. 1936 ஜூன் 23இல் வடவங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் பிறந்து, ஜம்ஷெட்பூரில் வளர்ந்தவர். 15 வயதில் பீகாருக்காகச் சந்தோஷ் கிண்ணத்தில் ஆடினார். 1954இல் கல்கத்தாவின் ஆரியன் கழகம், மறு ஆண்டு ஈஸ்டர்ன் ரயில்வே. அதன் பின்னர் 1967இல் ஓய்வு பெறும்வரை அந்த ரயில்வே அணியைவிட்டு அவர் நகரவில்லை. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் நட்சத்திரங்களை வலைவீசிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். குடும்பத்தைத் தாங்கவேண்டியிருந்த மூத்த பிள்ளைக்கு ரயில்வே உத்தியோகம் பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே கல்கத்தா லீக்கை வென்றது. அந்த மூன்று கழகங்களுக்கும் வெளியே லீக்கை வெல்ல இன்னொரு அணி தோன்றுவதற்கு 2019வரை, அதாவது அறுபத்தொரு ஆண்டுகள், காத்திருக்கவேண்டியிருந்தது.

இந்திய அணிக்கு அவர் முதலில் ஆடியது 1955இல், டாக்காவில். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய நாற்கோணப் போட்டியில். இதைக் 'கொழும்புக் கிண்ணம்' என்றே சொல்வார்கள், ஏனென்றால் அது 1952இல் தொடங்கியது நமது கொழும்பில். நான்கு ஆண்டுகள் மட்டும் நடந்து நின்றுபோன அந்தப் போட்டியைப் பற்றி இன்று நமது விளையாட்டுப் பக்கங்களில் ஒரு வரியும் வருவதில்லை.

மலையகத் தோட்டங்களில் 'பயிற்றுநர்' என்ற பதவி ஒருநாளும் இருந்ததில்லை. பெரட்டுக் களத்திலோ, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலத்திலோ பையன்கள் ஆடுவார்கள். முழங்கால் போன பழைய 'சென்டர் போவர்ட்' ஒருவர் மாலை வேலை முடிந்து வந்து ஓரத்தில் நின்று கத்துவார். அவரே பயிற்றுநர், அவரே நடுவர், பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டால் வழி காட்டுபவரும் அவரே. நல்ல முன்கள வீரன் நல்ல பயிற்றுநராகிவிடுவான் என்ற நம்பிக்கை அங்கு எழுதாத சட்டம். உலகமெங்கும் பெரிய கழகங்களும் அப்படித்தான் நம்பி ஏமாந்தன. கோல் அடிப்பவனுடைய அறிவு பெரும்பாலும் அவன் உடம்பில் இருக்கிறது. அதை வார்த்தையாக்கி இன்னொருவனுக்குக் கொடுப்பது வேறு வித்தை.

பி.கே. அந்த வித்தையைத் தேடிப் போய்க் கற்றார். 1969இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் ஆசியப் பயிற்றுநர்களுக்காக ஜப்பானில் ஒரு பயிற்சி நெறியை நடத்தியது. நடத்தியவர் ஜேர்மனியரான டெட்மார் கிராமர். இந்த மனிதரைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டு 1960இல் ஜப்பான் அவரை அழைத்தது. அடிப்படையிலிருந்து தொடங்குங்கள், தேசிய லீக் ஒன்றை உருவாக்குங்கள், பயிற்றுநர்களைப் பயிற்றுவியுங்கள் என்று அவர் சொன்னார். ஜப்பானியர் கேட்டார்கள். 1965இல் அவர்களுடைய லீக் தொடங்கியது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலம் கிடைத்தது. (தங்கம் அங்கும் ஹங்கேரிக்குத்தான்.) ஜகார்த்தாவில் இந்தியாவிடம் 2-0 என்று தோற்ற ஜப்பான் ஆறே ஆண்டுகளில் அடைந்த இடம் அது.

கிராமரிடம் கற்றுத் திரும்பிய பி.கே. 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவுக்குச் சென்ற இந்திய அணியின் பயிற்றுநர் குழுவில் இருந்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 1-0 என்று வென்றது ஜப்பானை! ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய உதைபந்தாட்டம் பெற்ற கடைசிப் பதக்கம் அது. இரு நாடுகளும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டிருந்தன, 1970இல் ஏறத்தாழ ஒரே படியில் நின்றன. பின்னர் ஜப்பான் 1998இல் உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்து அன்றுமுதல் ஒன்றையும் தவறவிடவில்லை. இந்தியா எங்கே போயிற்று என்பது ஊரறிந்த கதை.

போனது எங்கே என்று கேட்டால், கல்கத்தா மைதானத்துக்குள் போயிற்று என்பதே என் பதில். 1972இல் பி.கே. ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் பயிற்றுநரானார். அந்த ஆண்டே ஐ.எஃப்.ஏ. கேடயம், டுராண்ட், ரோவர்ஸ் மூன்றும் கழகத்துக்கு வந்தன, ரோவர்ஸ் மட்டும் மோகன் பகானுடன் பகிர்ந்தது. அடுத்த ஆண்டு கேடய இறுதியில் வடகொரியாவின் பியோங்யாங் அணி 3-1 என்று வீழ்ந்தது. கல்கத்தா லீக்கை அந்தக் கழகம் 1970இலிருந்து 1975வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. பிறகு 1975 செப்டெம்பர் 30, கேடய இறுதிப் போட்டி: ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. இந்த இரு கழகங்களுக்கிடையே அதைவிடப் பெரிய வித்தியாசம் இதுவரை பதிவாகவில்லை. தோற்ற கழகத்தின் ரசிகர் ஒருவர் அந்த அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். விளையாட்டை எந்த அளவுக்கு நெஞ்சில் ஏற்றலாம் என்பதற்கு எல்லை வகுக்காத ஊர் அது.

மறு ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? பி.கே. அதே மோகன் பகானின் பயிற்றுநரானார்! 1977இல் மூன்று கிண்ணங்களும் அந்தப் பக்கம் போயின. அந்த ஆண்டு செப்டெம்பர் 24ஆம் திகதி பெலே தன் நியூயோர்க் கொஸ்மோஸ் அணியுடன் ஈடன் தோட்டத்தில் ஆட வந்தபோது, எதிரே நின்றது பி.கே. பயிற்றுவித்த மோகன் பகான். 2-2 என்று ஆட்டம் முடிந்தது. கழகங்கள் இரண்டும் அவரை மாறி மாறி இழுத்தன, அவர் போகுமிடமெல்லாம் கிண்ணங்களும் போயின.

அவருடைய வழிமுறையில் கிராமரிடம் கற்ற விஞ்ஞானம் பாதி. மீதிக்குக் கல்கத்தா ஒரு பெயர் வைத்தது: 'வோக்கல் டொனிக்', வாயால் ஊட்டும் மருந்து. போட்டிக்கு முன்னர் அறைக்குள் அவர் பேசும் பேச்சு. ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாக அறிந்து, ஒருவனை உசுப்பி, ஒருவனைத் தடவிக்கொடுத்து, இன்னொருவனை அழவைத்து வெளியே அனுப்புவாராம். எதிரணி முகாமில் இருந்தவர்களும் இதை ஒப்புக்கொண்டார்கள். பந்தை உதைத்த மனிதர் சொல்லால் ஆளத் தெரிந்தவராகவும் அமைவது அபூர்வம். அதனாலேயே அவரை இந்தியா கண்ட மிகச் சிறந்த முன்கள வீரர் என்று சொல்லத் தயங்கினாலும் (சுனி, பலராம் பக்கம் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்), மிகச் சிறந்த பயிற்றுநர்களுள் ஒருவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் தேசிய அணியின் கணக்கு வேறு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு விழாவில், சொந்த மண்ணில், அவருடைய அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் கடைசி நேரக் கோலொன்றால் 1-0 என்று தோற்றது. அவரால் முடியவில்லை என்று இதை எழுதுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழகத்தில் அவருக்கு ஆண்டு முழுவதும் வீரர்கள் கிடைத்தார்கள். நாட்டுக்கு ஆடும்போது முகாம் காலத்துக்கு மட்டும் கிடைத்தார்கள். ஜப்பானிடம் லீக் இருந்தது. இந்தியாவில் தேசிய லீக் தொடங்கியதே 1996இல்தான். இடையிலே 1990இல் ஹங்கேரியரான யோஷெஃப் கெலேயை, 1966 உலகக் கிண்ணத்தில் ஆடிய கோல் காப்பாளரை, தேசிய அணிக்கு அழைத்து வந்தார்கள். அவரும் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1991 முதல் 1997 வரை பி.கே. தான் வளர்ந்த ஜம்ஷெட்பூரில் டாட்டா உதைபந்தாட்டக் கல்லூரியின் தொழில்நுட்பப் பணிப்பாளராக இருந்து சிறுவர்களைப் பயிற்றுவித்தார். அவர் செய்த பணிகளில் நாட்டுக்கு மிகவும் பயன்பட்டது அதுவாகவே இருக்கலாம். அதைப் பற்றி எழுதுபவர்கள்தான் குறைவு.

எழுதுபவர்கள் எல்லாரும் எழுதுவது 1997 ஜூலை 13ஐ. பெடரேஷன் கிண்ண அரையிறுதி, கல்கத்தா சோல்ட் லேக் மைதானம், 1,31,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். மோகன் பகானின் பயிற்றுநர் அமல் தத்தா 'வைர' வியூகம் என்ற புதிய ஆட்டமுறையால் எதிரணிகளைச் சிதறடித்துக்கொண்டிருந்தார். வாயும் சும்மா இருக்கவில்லை. ஈஸ்ட் பெங்காலின் ஒமோலோவை 'ஒம்லெட்' என்றார், சோசோவை வெள்ளரிக்காய் என்றார், பாய்ச்சுங் பூட்டியாவுக்கும் ஒரு கேலிப் பெயர் வைத்தார். அப்போது ஈஸ்ட் பெங்கால் பக்கம் இருந்தவர், அறுபத்தொரு வயதான பி.கே. பேச்சை மருந்தாக்கும் மனிதருக்கு எதிரியே மருந்து அனுப்பிவைத்ததைப் போலாயிற்று. ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பூட்டியா மூன்று கோல்கள்.

அப்போது நான் ஒரு நாளிதழில் இளம் உதவி ஆசிரியன். மறுநாள் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் நமது நாட்டில் தொடங்கவிருந்தது. செய்தி முகவர் நிலையம் அனுப்பிய கல்கத்தாச் செய்தியில் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்த மூத்தவர் ஒருவர், ஒரு பூச்சியம் கூடிவிட்டது என்று சொல்லி அதை வெட்டச் சொன்னார். வெட்டிய பின்னர் இடம் போதாதென்று செய்தியையே எடுத்துவிட்டார்கள்.

சைமன் சுந்தரராஜை நடுவில் விட்டுவிட்டேன். பயிற்றுநர் வரிசையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. 1973 டிசெம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அணியின் பயிற்றுநர் அவர்தான். ரயில்வே அணிக்கெதிரான இறுதிப் போட்டி 3-2, மூன்று கோல்களும் அணித்தலைவர் மணியுடையவை. இன்று கேரளம் உதைபந்தாட்டப் பித்துக்குப் பெயர்போன மாநிலம். அதன் முதற் கிண்ணத்தின் பின்னால் ஒரு தமிழ் ஒலிம்பிக் வீரர் நின்றார்.

லாக்குயிலாவின் அந்தப் பதினெட்டு வயதுப் பையன் ஆல்பர்ட் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வென்றார். அதைப் பெற்ற ஒரே ஹங்கேரியர் அவர்தான். ஆடிய காலம் முழுவதும் ஃபெரென்ஸ்வாரோஸ் கழகம் ஒன்றுக்கே ஆடி, பின்னர் லிபியாவின் பெங்காசியில் பயிற்றுநராக இருந்துவிட்டுத் திரும்பினார். பயிற்றுநராக அவருக்குப் பெரிய பெயரில்லை. ஆனாலும் 2007இல், அவர் உயிரோடிருக்கும்போதே, கழகத்தின் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2011இல் காலமானார்.

பி.கே.க்கு 1990இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2004இல் உலகச் சம்மேளனத்தின் நூற்றாண்டுக் கௌரவமும் கிடைத்தது. 2020 மார்ச் 20ஆம் திகதி கல்கத்தாவில் இறந்தார். அன்று மாலை ஆறு மணிக்குத்தான் இலங்கை முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பத்திரிகை வீட்டுக்கு வந்து சேராத நாட்கள். புசல்லாவைக் கடைத்தெரு கதவடைத்துக் கிடந்தது. மலையகத்தில் அவர் இறந்த செய்தியைக் கைத்தொலைபேசி வைத்திருந்தவர்கள் அறிந்தார்கள், மற்றவர்கள் அறியவில்லை. நாற்பத்தொரு நாள் கழித்துச் சுனி கோஸ்வாமியும் போனார். பி.கே.யின் பிறந்தநாளை இந்தியச் சம்மேளனம் அடிமட்ட உதைபந்தாட்ட நாளாக அறிவித்தது.

மூவரில் மிஞ்சியிருந்தவர் பலராம். ஈஸ்ட் பெங்காலுக்காக நூற்றுக்கு மேற்பட்ட கோல்களை அடித்தவர், 1961இல் அதன் தலைவராக லீக்கை வென்றவர், 1962இல் அர்ஜுனா விருது பெற்றவர். சுனிக்கும் பி.கே.க்கும் கிடைத்த பத்மஸ்ரீ அவருக்குக் கிடைக்கவில்லை. கங்கைக் கரையில் உத்தரபாராவில் தனியாக வாழ்ந்து 2023 பெப்ரவரி 16ஆம் திகதி இறந்தார். ஹங்கேரிக்கு அவர் அடித்த கோலின் அசையும் படம் ஏதேனும் கிடைக்குமா என்று நான் இணையத்தில் இப்போதும் தேடுவதுண்டு.